பதினாலே முக்கால் பங்கு காற்று

எங்கள் ஊரில் காற்றுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. கல்முனைக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வருடத்தில் பாதி நாள் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து சன்னல் கம்பியைத் தின்னும். மீதி நாளில் கச்சான்காற்று புழுதியைக் கொண்டுவந்து சோற்றுக்குள் போடும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு காருக்குக் காற்றுக் காணுமா, போதாதா என்று வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் வாரக்கணக்காக அடிபட்டார்கள் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. அது நடந்ததே என் வளவுக்குள்தான்.

என் வளவு என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுகிறவர். வாப்பா தன் காணியை இரண்டாக்கி எனக்கொரு வீடு, என் தங்கைக்கொரு வீடு கட்டித் தந்திருந்தார். ஆகவே அவருடைய இரண்டு மருமகன்மாரும் ஒரே கிணற்றில் குளித்து ஒரே கேற்றால் போய்வந்தார்கள். வந்தேறியவர்கள் என்ற நினைப்பு இருவருக்கும் துளியும் கிடையாது. இருக்கவும் விடமாட்டோம். எங்கள் ஊரில் மருமகனுக்கு இருக்கிற மரியாதை மந்திரிக்கு இல்லை. மீன் கறியில் நடுத்துண்டு அவருக்கு. அவர் வந்தால் மாமனார் சட்டை போட்டுக்கொண்டு எழும்பி நிற்பார். மருமகன் "சூரியன் மேக்கால உதிக்கிது மாமா" என்றால், "அப்படியும் இரிக்கலாம் மருமகன்" என்பார். இந்த விசயத்தில் என் வாப்பாவை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

என் கணவர் கணித ஆசிரியர். எதையும் தொட்டுப் பார்க்காமல் கணக்குப் பார்க்கிற மனிதர். விருந்து நாளில் சோறு காணுமா என்று கேட்டால் பானையைத் திறந்து பார்க்கமாட்டார். போட்ட அரிசி இவ்வளவு, வந்த தலை இவ்வளவு என்று விரலை மடக்கி, "காணும் புள்ள" என்பார். போதாமல் போனால் பிழை விருந்தாளிகளுடையது. அவர்கள் கணக்குக்கு மேலால் தின்றுவிட்டார்கள்.

தங்கையின் கணவர் சவூதியில் ஒரு கராஜில் சில வருடம் வேலைபார்த்துத் திரும்பியவர். அவர் கணக்கே பார்க்கமாட்டார், அளப்பார். பிள்ளை காய்ச்சலில் அனுங்கிக்கொண்டு கிடக்கும். வெப்பமானியில் சூடு காட்டவில்லை என்றால் பிள்ளை நடிக்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார். பிறகு பார்த்தால் வெப்பமானி உடைந்திருக்கும்.

இவர்கள் இருவரும் சேர்ந்துதான் என் வாப்பாவை ஹஜ்ஜுக்கு அனுப்பிவைக்கப் புறப்பட்டார்கள்.

வாப்பா அந்த ஹஜ்ஜுக்காக எத்தனையோ போகம் காத்திருந்தவர். இறக்காமத்துப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. ஒரு வருடம் யானை தின்றது, ஒரு வருடம் தண்ணீர் வரவில்லை, பிறகு எங்கள் இருவரின் கலியாணங்கள் வந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் எல்லாம் கூடிவந்து, பெயரும் பட்டியலில் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு குழுவோடு விமானம். வாப்பா அன்றைக்கே பஸ் நிலையத்துக்குப் போய்க் கொழும்பு பஸ்ஸில் சன்னலோரமாக ஓர் ஆசனம் சொல்லிவைத்துவிட்டு வந்தார். விமானத்தைப் பற்றி ஒன்றும் பேசாத மனிதர், அந்தப் பஸ் ஆசனத்தைப் பற்றி உம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார்.

மருமகன்மாருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

"ஹஜ்ஜுக்குப் போற மனிசன் பஸ்லயா போற? ஊர் என்ன சொல்லும் எங்கள?" என்றார் தங்கையின் கணவர். "என்ட கார் எதுக்கு நிக்கிது?"

"பஸ்ஸ நம்பேலா மாமா, வழியில நிண்டிரும்" என்று என் கணவரும் ஒத்தூதினார். இதைச் சொன்னவர் அவர்தான் என்பதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாப்பா ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். "உங்கட விருப்பம் மருமகன்" என்றார். அடுத்த நாள் போய் ஆசனத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிவப்பு நிறம், இரண்டே கதவு, யப்பான் உருப்படி. கொழும்பில் யாரோ பணக்கார வீட்டுப் பையன் பந்தயத்தில் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற காபரேட்டர் மற்றக் கார்களுக்கு ஒன்று; இதற்கு இரண்டு. உதைத்துக் கிளப்பினால் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்காது. தம்பிலுவில் வரை ஒரு மூச்சில் ஓடும், பிறகு இருமும். மகியங்கனைக்கு அப்பால் கண்டிக்கு ஏறுகிற மலையில், வளைவுக்கு மேல் வளைவாக இருக்கிற பாதையில், நாலு பேரோடு ஏறுமா என்பதுதான் கேள்வி. ஏறவைக்கலாம், கலவையைச் சரியாக்கினால் போதும் என்றார்கள் இருவரும். எப்படிச் சரியாக்குவது என்பதில்தான் சண்டை வந்தது.

சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. ஒரு பங்கு பெற்றோல் எரிந்து முடியப் பதினாலே முக்கால் பங்கு காற்று வேண்டுமாம், நிறையில். மலையேறப் பலம் வேண்டுமென்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பன்னிரண்டு, பதின்மூன்றுக்குக் கொண்டுவர வேண்டுமாம். காற்றுக் கூடினால் எஞ்சின் சூடேறிக் கருகும். பெற்றோல் கூடினால் கரி பிடித்து மூச்சடைக்கும். இவ்வளவுதான் விசயம். இதை அறிய ஒருவர் கரித்துண்டு எடுத்தார், ஒருவர் பெட்டி எடுத்தார்.

கரித்துண்டு என் கணவர். ஹஜ்ஜுக்குப் போகிற வீடு என்று முன் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தோம். இவருக்கு அதைப் பார்த்ததும் வகுப்பறை நினைவு வந்துவிட்டது. எஞ்சினின் கொள்ளளவு, அது நிமிடத்துக்குச் சுற்றுகிற சுற்று, அதில் பாதி, ஒரு லீற்றர் காற்றின் நிறை என்று மேலிருந்து கீழாகக் கரியால் எழுதிக்கொண்டு போனார். சுவர் முடிந்ததும் தூணுக்குப் போனார்.

"அளக்கிறது விளங்காதவன்ட வேல சகலன்" என்றார். "விளங்கினவன் இருந்த இடத்தில இருந்து சொல்லுவான்."

பெட்டி தங்கையின் கணவருடையது. சவூதிக் கராஜ் கழித்துவிட்ட ஒரு மீற்றர். சாம்பல் நிறப் பெட்டி, முகப்பில் ஒரு முள், பின்னால் நீளமான ரப்பர்க் குழாய். குழாயைக் காரின் புகைக்குழாய்க்குள் செருகினால் வெளியே வருகிற புகையை மோந்து பார்த்து, உள்ளே எத்தனை பங்கு காற்றுக் கலந்தது என்று முள் காட்டும். அதற்கு மேல் ஒரு பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார். தங்கைகூட அதைத் தொடக்கூடாது.

"உங்கட கணக்கு காருக்குத் தெரியாது சகலன்" என்றார் அவர். "கார் உங்கட பள்ளிக்கூடத்தில படிக்கல்ல."

ஊர் இரண்டுபட்டது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலால் வருகிறவர்கள் நேரே என் வளவுக்கு வந்தார்கள். கணக்குக் கட்சி சுவர்ப் பக்கம், மீற்றர்க் கட்சி புகைக்குழாய்ப் பக்கம். பால் விடாத பிளேன்டி ஊற்றியது மட்டும் நான். பிறகு இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்தினார்கள். ஒரே கிணற்றடியில் நின்றுகொண்டு, "உங்கட அவருக்குச் சொல்லுங்க" என்று என் வழியாகவும் தங்கை வழியாகவும் தூது விட்டார்கள். வாப்பா மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் கதிரை போட்டு இருந்தார். இவர் விளங்கப்படுத்தினால் "அப்படியா மருமகன்" என்பார். அவர் விளங்கப்படுத்தினாலும் "அப்படியா மருமகன்" என்பார். இரண்டு "அப்படியா"வும் ஒரே நீளம்.

பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. என் கணவர் தூணின் அடியில் கணக்கை முடித்து, இந்த எஞ்சின் இழுக்கிற காற்றுக்குப் பெற்றோல் காணாது, காபரேட்டரின் பெற்றோல் துளை சிறிது என்று அறிவித்தார். அதே பின்னேரம் தங்கையின் கணவர் மீற்றரைச் செருகினார். முள் காற்றுப் பக்கமாய்ச் சரிந்து நின்றது. பெற்றோல் காணாது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கணக்கும் மீற்றரும் ஒத்துப்போய்விட்டன. கலியாண வீட்டில் நிக்காஹ் முடிந்ததுபோல் வளவு முழுக்கச் சத்தம். அவர் இவரைக் கட்டிப்பிடித்தார். உம்மா வட்டிலப்பம் அவித்தார். வாப்பா கண் கலங்க, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். காரைப் பற்றியல்ல, மருமகன்மார் பேசிக்கொண்டதைப் பற்றி.

அடுத்த நாளே பெற்றோல் துளைகளைப் பெரிதாக்கக் கடைத்தெருவில் நகை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். தோட்டுக்குத் துளை போடுகிற ஊசித் துறப்பணம் அவரிடம்தான் இருந்தது. கொஞ்சம் கடைந்தார். மீற்றர், காணாது என்றது. கணக்கும், காணாது என்றது. இன்னும் கடைந்தார். பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சிறிதாக்க முடியாது என்று அந்த மனிதர் சொல்லத்தான் செய்தார். இரண்டு சாட்சி இருக்கும்போது எதற்குச் சிறிதாக்க வேண்டும்? முள் பன்னிரண்டரையில் போய்ப் பிசகாமல் நின்றது.

அன்றைக்குக் கொடியில் வாப்பா ஹஜ்ஜில் உடுக்கவேண்டிய இஹ்ராம் துணி காய்ந்துகொண்டிருந்தது. தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டு. காரைக் கிளப்பி முறுக்கியபோது புகைக்குழாயால் கறுப்பாக ஒரு மேகம் கிளம்பி நேரே அதில் போய் அப்பியது. துணியில் மையைத் தெளித்தமாதிரிப் புள்ளி. நான் சத்தம் போட்டேன்.

"அது பழைய கரி, உள்ளுக்கு இரிந்தது வெளிய வருகிது" என்றார் தங்கையின் கணவர்.

"கணக்குப்படி புகை வரேலா புள்ள" என்றார் என் கணவர், புகைக்கு நடுவில் நின்றுகொண்டு.

நான் துணியை மறுபடி கழுவினேன். வாய் ஓயாமல் இருவரையும் வைதுகொண்டேதான் கழுவினேன்.

ஓட்டிப் பார்க்க இறக்காமத்து வயல் பாதைக்குக் கொண்டுபோனார்கள். வெடி வெடித்தமாதிரிப் போனதாம். உண்மையாகவே வெடித்திருக்கிறது. அந்தப் பக்கம் வயலுக்கு வருகிற யானைகள் ஒரு கிழமையாக வரவில்லை என்று வயல்களுக்குப் பொறுப்பான வட்டைவிதானை வாப்பாவைக் கண்டு நன்றி சொன்னார். சமதரையில் கார் பறந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

புறப்படுவதற்கு முன் வாப்பா ஊர் முழுக்க நடந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்கவேண்டும். "ஏதும் பிழை செஞ்சிரிந்தா பொறுத்துக்கங்க" என்று, வேலிச் சண்டையில் பேச்சு அறுந்துபோன வீட்டிலும் போய் நின்றார். அந்த வீட்டுக்காரர் அழுதார். கடைசி நாள் துஆ ஓதிச் சோறு போட்டோம். அன்றிலிருந்தே ஊரில் எல்லாரும் "ஹாஜியார்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். வாப்பா வெட்கப்பட்டார். "இன்னம் ஆகல்ல, இன்னம் ஆகல்ல" என்று கையை ஆட்டினார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

விடியலில் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம். இரவு விமானம். முன்னுக்கு அவர்கள் இருவர். பின்னுக்கு வாப்பாவும், அவருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருந்ததால் சாப்பாடு பார்க்க நானும், நடுவில் பையும். அம்பாறை தாண்டி, மகியங்கனை தாண்டி, கார் சொன்னது கேட்டது. முன் ஆசனத்தில் ஒரே குலாவல். "உங்கட கணக்கு சகலன்!" "இல்ல சகலன், உங்கட மீற்றர்!"

மலை தொடங்கியது. முதல் வளைவில் இருமியது. அடுத்ததில் திக்கியது. இன்னும் சிலதில் பின்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு கரும்புகை. பிறகு ஒரு கொக்கி வளைவில், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டது.

பிளக்கைக் கழற்றினார்கள். அடுப்புக்குள் கிடந்ததுபோல் கறுப்பு, பெற்றோலில் நனைந்து. துடைத்துத் தேய்த்துப் போட்டார்கள். கிளம்பி ஒரு வளைவு ஏறி மறுபடி நின்றது. மறுபடி துடைத்தார்கள். மறுபடி ஒரு வளைவு. அப்படியே நடுப்பகல், ளுஹர் நேரமும் வந்தது. வாப்பா ஓரமாகத் தொழுதுவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். கையில் தஸ்பீஹ் மணி ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி வெயிலை மட்டும் பார்த்தார்.

சில்லுக்குக் கல் வைக்கக் குனிந்த என் கணவர் காருக்கடியில் எதையோ கண்டு அப்படியே படுத்துவிட்டார். கடற்காற்றுத் தின்ற புகைக்குழாயில் பெருவிரல் போகிற ஓட்டை. முன்பு யாரோ அதைச் சுற்றிக் கட்டிய துணியும் எரிந்து தொங்கியது. எழும்பி வந்த முகத்தைப் பார்த்தேன். பெருநாள் பிறை கண்ட முகம்.

"சகலன்! இந்த ஓட்டையால வெளிக்காத்து உள்ள போய்க் கலந்திரிக்கி. உங்கட பெட்டி எஞ்சின்ட புகைய அளக்கல்ல, கல்முனைக் காத்தத்தான் அளந்திரிக்கி!"

தங்கையின் கணவரும் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். பிறகு அவருக்கும் வெளிச்சம் வந்தது.

"அப்ப உங்கட கணக்கு எப்பிடிச் சரி வந்த? எஞ்சின் ஒவ்வொரு இழுவைக்கும் வயிறு நிறையக் காத்து இழுக்கும் எண்டுதானே போட்டீங்க? எந்த எஞ்சின் அப்பிடி இழுக்கும்? அதோட இது மல. இஞ்ச காத்தே மெலிசு. இத எந்தச் சுவத்தில எழுதின நீங்க?"

அறுவடைக் காலத்தில் பெயரேட்டில் இருக்கிற பிள்ளைகளில் பாதிகூட வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று வருடாவருடம் புலம்புகிற ஆசிரியர், எஞ்சினுக்குள் மட்டும் காற்று முழுவதும் ஆசராகியிருக்கும் என்று நம்பியிருக்கிறார். இல்லாத காற்றை என் கணவர் எண்ணினார், வேறு காற்றை மற்றவர் அளந்தார், இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டியதால் துளையைக் கடைந்து கடைந்து பெரிதாக்கினார்கள். இது விளங்கியபோது அவர்களுக்குத் தலையில் கை வைக்கத் தோன்றவில்லை. சந்தோசம் தாங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மற்றவரின் பிழை கையில் கிடைத்துவிட்டது. நடுத்தெருவில், திறந்த எஞ்சின் மூடிக்குள் இரண்டு பேரும் தலையை விட்டபடி, மலை எதிரொலிக்கக் கத்தினார்கள்.

அப்போதுதான் கீழ் வளைவில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. கண்டிக்குப் போகிற பஸ்.

வாப்பா எழும்பினார். பையைக் கையில் எடுத்தார். வேட்டியைத் தட்டிச் சரிசெய்தார். மருமகன்மாரின் முதுகுக்கு இரண்டடி பின்னால் போய் நின்று, மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு நிமிசம் மாமா" என்றார் ஒருவர், தலையைத் தூக்காமல்.

"இந்தா சரி மாமா" என்றார் மற்றவர்.

பஸ் வளைவில் திரும்பி எங்களுக்கு நேரே வந்தது. கூட்டமும் இல்லை. நான் தெருவுக்கு ஓடிக் கையை நீட்டினேன். வாப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேணா மகள். அவங்கட மனசு நோகும்."

"வாப்பா, பிளேன் போயிரும்!"

"அவங்க எனக்காகத்தான் இவ்வளவு பாடுபடுறாங்க. நடுத்தெருவில உட்டுட்டு நான் பஸ்ல ஏறினா மருமகன்மார்ர முகம் என்ன ஆகும்? இத அவங்களுக்குச் சொல்லிராத மனே."

பஸ் போய்விட்டது. மேல் வளைவில் ஒருதரம் ஹோர்ன் அடித்தது கேட்டது. அதுதான் அன்றைக்குக் கடைசி பஸ் என்று பிறகுதான் தெரியும். வாப்பா திரும்பவும் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த நேரம் அவர்கள் இருவரையும் பிடித்துப் பள்ளத்தில் தள்ளவேண்டும் போல இருந்தது. வாப்பாவின் மேலும் கோபம்தான். இன்றைக்கும் இருக்கிறது.

பொழுது சாய்ந்து, மஃரிபோடு ஒரு லொறி ஏற்றிக்கொண்டது. காரும் தங்கையின் கணவரும் மலையில் நிற்க, நாங்கள் மூவரும் கண்டிக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. குழுவை அனுப்பிவைத்தவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் பிரஷை வாயிலிருந்து எடுத்தார்.

"ராவே போயிட்டாங்களே ஹாஜியார்" என்றார். "அடுத்த வருசம் பாப்பம்."

திரும்பி வரும்போது வாப்பாவுக்கு பஸ்ஸில் சன்னலோரமே கிடைத்தது. ஊருக்குள் இறங்கியதும் பெரிய தெருவால் வரவில்லை. கடற்கரைப் பக்கமாகச் சுற்றி, வலைகளுக்கு நடுவால் நடந்து, பின் கேற்றால் வீட்டுக்குள் போனார். ஆனாலும் ஊர் விடுமா? பழகிய வாய்கள் "ஹாஜியார்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்தன. சின்னப் பிள்ளைகள் கடிக்கவும் இல்லை. வாப்பா ஒவ்வொரு தரமும் நின்று, "இன்னம் ஆகல்ல மகன்" என்று திருத்துவார். முன்பு கையை ஆட்டிச் சொன்னதுபோல் இல்லை இப்போது.

அடுத்த வருடம் என்று ஒன்று சரியாக வரவில்லை. முதலில் வாப்பாவின் காலில் புண் வந்து மாறாமல் இழுத்தது. பிறகு நாடு குழம்பியது, பாதைகள் பூட்டப்பட்டன, அம்பாறை தாண்டுவதே பெரிய காரியமானது. வயலுக்கே போகமுடியாத காலத்தில் மக்காவுக்கு எங்கே போவது? ஒரு மழைக்காலத்தில் வாப்பா தன் கட்டிலில் மௌத்தானார். வெள்ளைத் துண்டு இரண்டும் பெட்டியில் மடித்தபடி இருந்தன. அவற்றிலேயே பொதிந்து கபனிட்டோம்.

அந்த வருடங்களில் மருமகன்மார் இருவரும் ஊருக்கு ஒரு கதை சொல்லிப் பழகியிருந்தார்கள். "பஸ் வந்திச்சி, மாமாதான் ஏறல்ல. எங்கட கார்ல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை." முதலில் யார் சொன்னது என்று தெரியாது. சொல்லச் சொல்ல அவர்களுக்கே அது உண்மையாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. வாப்பா சொல்லாதே என்றிருந்தார்.

பிறகு வாப்பாவுக்காக ஒருவர் போய் பதலி ஹஜ் செய்யவேண்டும் என்ற பேச்சு வந்தது. இறந்தவரின் கடமையை அவர் பெயரில் நிறைவேற்றுவது. உடனே பழையபடி இரண்டு கட்சி. நான்தான் மூத்த மருமகன் என்றார் என் கணவர். பதலிக்குப் போகிறவர் முதலில் தனக்குச் செய்திருக்க வேண்டும், நான் சவூதியில் இருக்கும்போதே செய்துவிட்டேன் என்றார் மற்றவர். மார்க்கச் சட்டம் அவர் பக்கம் நின்றதால் அவரே போனார்.

போய்வந்த அன்று ஊர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனது. ஸம்ஸம் தண்ணீரும் ஈத்தம்பழமும் நடுவில் இருந்தன. உம்மா, தங்கை, நான், அவர்கள் இருவர். தங்கையின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமாட கடமை முடிஞ்சி. மாமாவ நான் கொண்டுபோய்ச் சேத்திட்டன்."

என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் எதிர்த்துப் பேச இடமில்லை. ஈத்தம்பழம் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டு, "மாமா அண்டைக்கே பஸ்ல போயிருக்கலாம்" என்றார். "எங்கள நம்பி நிண்டுட்டார்."

"ஓம் சகலன்" என்றார் மற்றவர். "அந்தக் கார்ல அவ்வளவு நம்பிக்கை மாமாவுக்கு."

இருவரும் தலையை ஆட்டினார்கள். கணக்கும் மீற்றரும் ஒத்துப்போன அன்றைக்குப்போலவே மறுபடி ஒத்துப்போனார்கள். என்னால் தாங்க முடியவில்லை. வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்திலேயே உடைத்தேன்.

"வாப்பாக்கு உங்கட கார்ல நம்பிக்கை இல்ல" என்றேன். "நான் பஸ்ஸ மறிக்கப் போனன். உங்கட மனசு நோகும் எண்டு என்ட கையப் புடிச்சி எறக்கினார்."

தங்கையின் கணவர் என்னையே பார்த்தார். "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நாங்களே ஏத்தி விட்டிருப்பமே?"

"வந்து நிண்டார்" என்றேன். "பையையும் எடுத்துக்கிட்டு உங்கட முதுகுக்குப் பின்னால வந்து நிண்டார். நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கல்ல."